அம்சவல்லி மாற்றிய தண்ணீர்

அம்சவல்லியைப் பற்றி எழுதப்போகிறேன் என்று போனில் சொன்னேன். "எழுதிக்கிங்க மேடம். பேர மட்டும் மாத்தாதீங்க. மாத்தினா வேற யாரோ பண்ணின மாதிரி ஆயிடும்" என்றார். அதனால் மாற்றவில்லை.

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி வீடு. வயது நாற்பத்தொன்று. எட்டாவதோடு படிப்பை விட்டு, பதினேழு வயதில் உப்பு வாரப் போனவர். கணவர் பஞ்சநாதனுக்கும் அதே வேலைதான். பாத்தி கட்டுவது, தண்ணீர் பாய்ச்சுவது, மழைக்காலத்தில் கிடைத்த கூலிக்குப் போவது. ஒரே மகள் அஸ்வினி. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்துப் படியில் அவள் தடுக்கி விழுந்ததை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி விழுந்தாள். பிறகு தட்டிலிருந்து சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. பிறகு பேச்சு குழறியது. மூளையின் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாக அழிந்துபோகும் நோய், மருந்து கிடையாது என்று டாக்டர்கள் சொன்னபோது அவளுக்குப் பதினான்கு.

நான் அப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில், கூனிமேட்டைத் தாண்டி இருந்த ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். இப்படிப்பட்ட நோயுள்ள பிள்ளைகளின் தோலில் துளி எடுத்து, அதிலிருந்து நரம்பு ஸ்டெம் செல்களை வளர்ப்பது எங்கள் வேலை. தோல் செல்லைப் பின்னோக்கி நடக்கவைத்து, கருவில் முதல் நாட்களில் இருந்த நிலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து நரம்பின் வழிக்குத் திருப்ப வேண்டும். ஐந்தாறு மாதம் பிடிக்கும். பாதி வழியில் செத்துப்போவதே அதிகம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் கடைசியில் கிடைப்பது இன்னும் மூளையாகாத, ஆனால் நரம்பைச் சேர்ந்ததாக மட்டுமே ஆகக்கூடிய ஒன்று. அதை வைத்து நோய் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கலாம். மருந்துகளைச் சோதித்துப் பார்க்கலாம். அந்தப் பிள்ளையைக் குணப்படுத்த முடியாது. இதைச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவோம்.

பஞ்சநாதன் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார், "இவளுக்கு ஆவாதுன்னா பின்ன யாருக்குங்க?"

"பின்னாடி வர்ற புள்ளைங்களுக்கு."

"சரி, எடுத்துக்கிங்க. உளுந்து அளவுதானே."

அஸ்வினி சக்கர நாற்காலியில் இருந்தாள். ஒவ்வொரு சொல்லாகத் தள்ளித் தள்ளித்தான் பேசுவாள். நாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கியதும் சிரித்தாள். "என் கைலருந்தா மூளை செய்வீங்க? அப்ப மேத்ஸ் வராத மூளதான் வரும்."

"ஏன், உன் சயின்ஸ் மார்க் மட்டும் என்னாவாம்?" என்றார் அம்சவல்லி.

பதின்மூன்று மாதம் கழித்து அஸ்வினி இறந்துபோனாள். எங்களுக்குத் தகவல் வந்தது. பதிவேட்டில் ஒரு வரி எழுதினோம். நான் போய்ப் பார்க்கவில்லை.

எட்டு மாதம் சென்று ஒரு நாள் காலையில் காவலாளி தட்சணாமூர்த்தி என்னைத் தேடி வந்தார். "ஒரு அம்மா வந்திருக்குது. உள்ள வர மாட்டேங்குது, போவவும் மாட்டேங்குது."

கேட் அருகே அம்சவல்லி நின்றிருந்தார். காலில் உப்புக் காய்ந்து வெள்ளையாக இருந்தது, வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். வாங்க என்றேன். அவர் நின்ற இடத்திலிருந்தே கேட்டார்.

"அது இருக்குதாங்க?"

"எது?"

"அஸ்வினிகிட்ட எடுத்தது."

இருந்தது. அந்த ஆண்டு எங்களுக்கு நல்லபடியாக வந்த மூன்றில் ஒன்று அது. சொல்லக்கூடாது என்பதுதான் விதி. யாருடைய செல் எது என்று கொடுத்த குடும்பத்துக்குத் தெரியக்கூடாது. போத்தல்களில் எண் மட்டும்தான் இருக்கும். பிள்ளை போன பிறகு பெற்றவர்கள் அதைப் பிள்ளையாக நினைத்துவிடுவார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். எனக்குத் தெரியும். தெரிந்தும், "இருக்குதுங்க, பதினேழாம் நம்பர்" என்றேன்.

அவர் உள்ளே வரவில்லை. பார்க்கிறேன் என்றும் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இங்க கூட்டிப் பெருக்க, கழுவ ஆளு வேணுமாங்க?" என்று கேட்டார்.

அப்படித்தான் அவர் வேலைக்கு வந்தார். ஒப்பந்தக்காரர் மூலமாகக் கூட்டித் துடைக்கும் வேலை. மூன்று மாதத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள் முழுக்க அவர் பொறுப்புக்கு வந்துவிட்டன. அவர் கழுவிய குடுவையில் சோப்பின் மணம்கூட இருக்காது. அழுக்குத் தண்ணீர் போத்தலில் உடனே பிளீச்சிங் ஊற்றிவிட வேண்டும், உயிருள்ள எதுவும் சாக்கடைக்குப் போகக்கூடாது என்பதை ஒரே முறைதான் சொன்னேன். புதிதாக வந்த மாணவர்கள் மறந்தால், "ஏம்பா, பிளீச்சிங் உங்க தாத்தா வந்து ஊத்துவாரா?" என்பார்.

பதினேழைப் பற்றி முதல் இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் கார்த்திகேசன் போத்தலைக் கையில் வைத்திருந்தபோது பின்னால் வந்து நின்றார். கார்த்திகேசன் என் இளைய சகா, வானூர்க்காரன். அவர்தான் பெற்றவர் என்று அவனுக்கும் நான் சொல்லியிருந்தேன்.

"இதுல ஊத்தறது என்னா தண்ணி தம்பி?"

"சக்கரை, புரதம், வைட்டமின். உப்பு."

"உப்பா? எங்க உப்பா?"

"இல்லக்கா. ஜெர்மனிலருந்து வருது."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஜெர்மனிலருந்தா? மரக்காணத்துக்கா?" இதை அவர் உப்பளத்தில் போய்ச் சொல்ல, ஒரு வாரம் சிரித்தார்களாம். பஞ்சநாதன் என்னைப் பார்த்தபோது, "நம்ம உப்பு போட்டா மூள மொளைக்காதாங்க மேடம்?" என்று கேட்டார்.

அதன் பிறகு தினம் காலையில் மைக்ரோஸ்கோப்பில் பதினேழைப் பார்ப்பது அவருக்கு வழக்கமாயிற்று. போத்தலின் அடியில் ஒட்டிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, நாற்றங்காலைப் போல நெருக்கமாக இருக்கும். அவர் ஒரு நிமிடம் பார்ப்பார். எழுந்து துடைப்பத்தை எடுத்துக்கொள்வார். "அது அவ இல்லன்னு எனக்குத் தெரியும் மேடம்" என்று அவராகவே ஒருமுறை சொன்னார். "பைத்தியம் இல்ல நானு. ஆனா அவகிட்டருந்து வந்தது, இன்னும் பசிக்குது, திங்குது. அத ஒருத்தி பாத்துக்கணும்ல."

பசி என்று அவர் சொன்னது தண்ணீரின் நிறத்தை. நாங்கள் ஊற்றும் நீர் புதிதாக இருக்கும்போது தர்பூசணிச் சாறு மாதிரி சிவப்பு. செல்கள் தின்று கழிக்கக் கழிக்க ஆரஞ்சாகி, பிறகு மஞ்சளாகும். மஞ்சளானால் மாற்ற வேண்டும். அம்சவல்லி கதவுக்கு வெளியே நின்றே சொல்வார், "பதினேழ நாளைக்கி மாத்தணும் தம்பி. இருபத்தொண்ணு நாளன்னிக்கி வரைக்கும் தாங்கும்." கார்த்திகேசன் அளந்து பார்த்தால் அதுவேதான் வரும். அவன் ஆச்சரியப்பட்டு அவருக்கு உறிஞ்சுகுழாய் பிடிக்கக் கற்றுக்கொடுத்தான். நடுங்காத கை. மூன்று முறை, அவன் பக்கத்தில் நிற்க, தண்ணீர் மாற்றியிருக்கிறார்.

அந்தக் கோடையில் எங்களுக்கு ஒரு பெரிய நஷ்டம் வந்தது. எந்தச் செல்லை வளர்த்தாலும் அதில் ஒரு பகுதியைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து எடுத்து வைப்போம், வளர்ப்பது செத்தால் மறுபடி தொடங்கலாம். நைட்ரஜன் கொண்டுவரும் வண்டி ஒரு மாதம் வரவில்லை. தொட்டி வற்றியதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது உள்ளே இருந்த எல்லாமே போய்விட்டன. அஸ்வினியின் தோல் செல்களும் அதில்தான் இருந்தன. அவளுடையதில் மிஞ்சியது வளர்ந்துகொண்டிருந்த இரண்டு போத்தல். பதினேழு என்று எழுதிய இரண்டு போத்தல். உலகத்தில் அதற்கு மேல் கிடையாது.

இதையும் அம்சவல்லியிடம் சொன்னேன். "அப்ப கைக்கொழந்த மாதிரிதான்" என்றார்.

ஆகஸ்டில் எனக்கு ஸ்வீடனில் வேலை கிடைத்துக் கிளம்பினேன். பதினேழின் வேலையை அங்கிருந்தபடியே பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. வாரம் இரண்டு முறை கார்த்திகேசனிடம் பேசுவேன். பேசாத நாட்களில் அவனுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பேன்: கதவு சரியாக மூடுகிறதா, ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா, நைட்ரஜன் வந்ததா. "அக்கா, நீங்க அங்க போயும் இங்கதான் இருக்கீங்க" என்று ஒருமுறை சலித்துக்கொண்டான்.

நவம்பரில்தான் மறுபடி நைட்ரஜன் வந்தது. அதற்குள் இரண்டு போத்தலும் நிரம்பிவிட்டன. இந்தச் செல்களை அடியிலிருந்து பிரித்தெடுத்துப் பிடிப்பில்லாமல் விட்டால், ஒன்றோடொன்று சேர்ந்து வெள்ளை உருண்டைகளாக மாறி நீரில் மிதக்கும். ரவையைவிடப் பொடி. போத்தலைக் கையில் எடுத்தாலே சுழன்றுகொண்டு மேலே வரும். அந்த நிலையில் எடுத்து உறையவைத்தால் நன்றாகப் பிழைக்கும் என்பது என் கணக்கு. கார்த்திகேசன் கேட்டான், "ஒண்ண அப்படியே விட்டு வெக்கலாமாக்கா?" ரெண்டும் நெருக்கியடிக்குது, ரெண்டையும் எடுத்துவிடு, பத்தாம் நாள் பாதியை உறையவைக்கலாம் என்று சொன்னது நான்.

அம்சவல்லி அப்போது லீவில் இருந்தார். பெருமுக்கலில் அவர் அக்கா ஜெயாவின் மகளுக்குக் கல்யாணம். பத்து நாள் கழித்து அவர் திரும்பியது வெள்ளிக்கிழமை மாலை. திங்களன்று வேலைக்கு வந்ததும் உருண்டைகளைக் காட்டுவதாகக் கார்த்திகேசன் சொல்லியிருந்தான். எதைக் காட்டப்போகிறான் என்று சொல்லவில்லை, ஆச்சரியமாக இருக்கட்டும் என்று.

சனிக்கிழமை புயல் வந்தது.

கார்த்திகேசன் ஒரு கூட்டத்துக்காகச் சென்னை போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டான். ரயில் இல்லை, பஸ் இல்லை. மற்றவர்கள் புதுச்சேரியில் இடுப்பளவு தண்ணீரில். ஆய்வுக்கூடத்தில் தட்சணாமூர்த்தி மட்டும். ஞாயிறு காலையில் அவர் எனக்குப் போன் செய்தார். ஜெனரேட்டர் ஓடுகிறது, போத்தல்களை வைத்திருக்கும் பெட்டியின் சூடு சரியாக இருக்கிறது, "ஆனா அந்த ரெண்டு பாட்டிலு எலுமிச்சம்பழமாட்டம் மஞ்சளா கெடக்குது மேடம்."

புதன்கிழமை மாற்றிய நீர். இன்னும் ஒரு நாள் விட்டால் அவை கழித்த அமிலத்திலேயே அவை சாகும்.

நான் அம்சவல்லியைக் கூப்பிட்டேன். வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் இருந்திருக்கிறது, ஓட்டில் நான்கு இடம் போயிருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை. "இதோ போறேன் மேடம்" என்றார். பக்கத்தில் பஞ்சநாதனின் குரல் கேட்டது.

"ஊர் மொத்தமும் முங்கிக் கெடக்குது. வரப்பு எது பாத்தி எதுன்னு தெரியல. இவ பாட்டிலுக்குத் தண்ணி மாத்தப் போறாளாம்!"

"நீ வராத. நான் போறேன்."

"போயேன். மரம் வுழுந்தா எனக்குச் சொல்லியனுப்பு."

ஆனால் டிவிஎஸ்ஸை எடுத்தது பஞ்சநாதன்தான். அனுமந்தை வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அதற்கு மேல் சாலையின் குறுக்கே மரங்கள் கிடந்தன. மிச்சத் தூரத்தை அம்சவல்லி நடந்தார். பகல் பன்னிரண்டு மணிக்கு என் போன் அடித்தது. அங்கே எனக்குக் காலை ஏழரை. வீடியோ எடுபடவில்லை. குரலும் விட்டு விட்டுத்தான் வந்தது.

நான் சொல்லிக்கொண்டே போனேன். ஈரச் சேலையை மாற்றிவிட்டுக் கோட் போடுங்க. ரெண்டு கையுறை, ஒண்ணுமேல ஒண்ணு. ஸ்பிரிட் தெளிங்க. வடிகட்டின காத்து வர்ற பெட்டிய ஆன் பண்ணி கால் மணி நேரம் விடுங்க. ஃபிரிட்ஜில் பச்சை மூடி போட்ட போத்தல். அத வெதுவெதுப்பா ஆக்குங்க, சூடாக்காதீங்க. இருமல் வந்தா வெளிய வந்துடுங்க. மூடிய மல்லாத்தி வைக்காதீங்க. ஒரு போத்தல முடிச்சிட்டு அப்புறம்தான் அடுத்தது. ஜெனரேட்டர் நின்னா சூட்டுப் பெட்டியத் திறக்காதீங்க.

"சரிங்க. சரிங்க மேடம். எல்லாம் தெரியும்ங்க. நீங்க பயப்படாதீங்க."

"அவ்ளோதான். பழைய தண்ணிய எடுத்துடுங்க, புதுசு ஊத்துங்க."

போன் துண்டித்துப் போயிற்று.

பத்துப் பதினைந்து விஷயம் சொன்னேன். பிள்ளை இப்போது அடியில் இல்லை, தண்ணீரில் மிதக்கிறது, பாதித் தண்ணீரை மட்டும் எடுங்கள் என்பதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த அந்த ஒன்று, அவருக்கும் தெரிந்ததாகவே என் மனதில் இருந்தது.

அவர் செய்ததில் ஒரு தப்பும் கிடையாது. உப்புப் பாத்தியில் உப்பு அடியில் இறங்கும். மேலே நிற்பது கசப்புத் தண்ணீர். அதைக் கடைசிச் சொட்டு வரை வடிக்காவிட்டால் உப்பே கசந்துவிடும், வாங்க ஆள் வராது. காற்றடித்தால் நுரையும் தூசியும் மேலே வந்து மிதக்கும். முதலில் ஒதுக்க வேண்டியது அதைத்தான். இதை அவர் இருபது வருடத்துக்கு மேல் செய்தவர். பிறகு எங்களிடம் வந்தார். எங்கள் போத்தல்களிலும் வேண்டியது அடியில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது, நீரைத்தான் நாங்கள் உறிஞ்சி எறிந்தோம். உப்பளமும் ஆய்வுக்கூடமும் அவருக்கு ஒன்றையேதான் கற்றுக்கொடுத்திருந்தன.

ஒரு மணி நேரம் கழித்துக் குரல் பதிவு வந்தது. நான் அதை இன்னும் அழிக்கவில்லை.

"மேடம், ரெண்டும் முடிஞ்சிது. மேல என்னமோ வெள்ளையா தூசி மாதிரி சுத்திக்கிட்டு இருந்துச்சு. புயல்ல பொட்டிக்குள்ளாற வந்துடுச்சு போலன்னு பதறிட்டேன். சுத்தமா உறிஞ்சி எடுத்துட்டேன். கொஞ்சம் போவாம ஒட்டிக்கிட்டே இருந்துச்சு, புதுத் தண்ணி விட்டு ஒரு அலசு அலசி அதையும் எடுத்துட்டேன். இப்ப கண்ணாடியாட்டம் இருக்குது. பிளீச்சிங் ஊத்திட்டேன். நீங்க நிம்மதியா சாப்புடுங்க."

செவ்வாய்க்கிழமை கார்த்திகேசன் போய்ச் சேர்ந்தான். "அக்கா, ஒண்ணுமே இல்ல. ஒரு செல்லு இல்ல." கழிவுப் போத்தலைப் பார்த்தாயா என்று கேட்டேன். கேட்பதில் அர்த்தமில்லை என்று தெரியும். "பிளீச்ல இருக்கு. ரெண்டு நாளாச்சு" என்றான்.

அம்சவல்லி புதன்கிழமை வேலைக்கு வருவார். வந்ததும் மைக்ரோஸ்கோப்பிடம் போவார்.

"இருபத்தி ரெண்டாம் நம்பர் நல்லா வளந்திருக்கு. அதுல ரெண்டு போத்தல எடுத்து லேபிள மாத்திடட்டுமா?" என்றான் கார்த்திகேசன். அவன் குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "பாக்கறதுக்கு எல்லாம் ஒண்ணுதானே. அவங்களுக்குத் தெரியாது. நம்ம ரெக்கார்டுல சரியா எழுதிடலாம்."

சரி என்று சொன்னேன். இதை எழுதும்போது அந்த ஒரு சொல்லில்தான் கை நிற்கிறது. இரக்கம் என்று அன்றைக்கு நினைத்தேன். எனக்கே நான் காட்டிக்கொண்ட இரக்கம் அது என்பது பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை அம்சவல்லி பார்த்தார். "பொழச்சிக்கிச்சு மேடம்!" என்று எனக்குச் செய்தி. மறுநாள் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேசரி செய்து எடுத்துவந்தார். வீட்டில் இன்னும் ஈரம் காயவில்லை, அடுப்பைக் கல்லின்மேல் தூக்கி வைத்துச் செய்ததாம். "ரெண்டு ஸ்பூன் தின்னுட்டு வெளிய போயிட்டேங்க்கா" என்றான் கார்த்திகேசன். "இனிமே என்னால முடியாது. நீங்களே சொல்லுங்க." சொல்கிறேன் என்றேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினேன். அதற்கடுத்த வாரமும் தள்ளினேன்.

பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அவரே கூப்பிட்டார். ஆய்வுக்கூடத்துக்கு எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்திலிருந்து.

"மேடம், ஒண்ணு கேப்பேன். கோவிச்சிக்காதீங்க."

"கேளுங்க."

"பதினேழு மூணாம் நாளே மஞ்சளாக்கிடும். எப்பவும் அப்படித்தான், பேராசை புடிச்சது. இது அஞ்சாம் நாளும் செவப்பாவே நிக்குது."

"புயல்ல கொஞ்சம் அடி வாங்கிடுச்சுல்ல. அதனால மெதுவா..."

"மேடம்."

நான் நிறுத்தினேன்.

"இருவது வருசமா தண்ணியப் பாத்துப் பாத்துக் கண்ணு கூசிப்போனவ நானு. தண்ணிய வெச்சி என்ன ஏமாத்தாதீங்க."

சொன்னேன். உருண்டைகள், மிதப்பது, நான் சொல்ல மறந்தது, லேபிளை மாற்றியது எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பஸ் வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் சத்தம் கேட்டது.

"அந்தத் தூசியா?"

"ஆமாங்க."

"அலசுனேனே மேடம்."

"உங்க மேல தப்பு இல்லைங்க. நான் சொல்லியிருக்கணும். ஒரே ஒரு வார்த்த..."

"போவாம ஒட்டிக்கிட்டே இருந்துச்சே. அலசி அலசி எடுத்தேனே."

அழுதாரா என்று எனக்குத் தெரியாது. போனை அவர் கீழே இறக்கிப் பிடித்திருக்க வேண்டும், சாலையின் இரைச்சல்தான் வந்தது. நான் வைத்துவிடவும் முடியாமல், கூப்பிடவும் முடியாமல் இருந்தேன். திரும்ப வந்தபோது குரல் சாதாரணமாக இருந்தது.

"பிளீச்சிங் ஊத்தினப்ப அதுக்கு எரிஞ்சிருக்குமா?"

"இல்லைங்க. வலி தெரியற அளவுக்கு அது வளரல."

"நிஜமா சொல்லுங்க. இதுலயும் பொய் சொல்லாதீங்க."

"நிஜமாங்க."

"சரி." மூச்சை இழுத்து விட்டார். "அப்ப இப்ப இருக்கறது யாரு வூட்டுப் புள்ளயோடது?"

"அத சொல்லக்கூடாதுங்க."

"எனக்கு மட்டும் அன்னிக்கி சொன்னீங்களே."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"பேரு வேணாம். அந்தப் புள்ள உசுரோட இருக்குதா?"

"இருக்கான்."

"இருக்கானா?" அவர் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "இருக்கிற புள்ள மேல செத்த புள்ள நம்பர எழுதி ஒட்டி வெச்சீங்களா மேடம்? படிச்சவங்கதானே நீங்க ரெண்டு பேரும்? அவனப் பெத்தவ ஒருத்தி எங்கியோ ஒக்காந்து சாமி கும்புட்டுக்கிட்டு இருப்பா. இங்க அவன அஸ்வினின்னு சொல்லி நான் பாத்துக்கிட்டு இருக்கேன். எவ்ளோ பெரிய பாவம் அது."

சாலையைக் கடந்து அவர் மறுபடி உள்ளே போயிருக்கிறார். கையுறை மாட்டி, இரண்டு போத்தலின் மேலும் இருந்த லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, "தம்பி, இதுக்கு அதனோட நம்பர எழுது. இப்பவே எழுது, என் கண்ணெதிர்ல" என்றாராம். கார்த்திகேசன் எழுதினான். எழுதியது உலரும் வரை பார்த்துவிட்டு, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கார்த்திகேசன் வீட்டுக்குப் போனபோது பஞ்சநாதன்தான் வெளியே வந்தார். "அவ யார் மேலயும் கோவமா இல்ல தம்பி. இப்பத்தான் அழுவுறா. பொண்ணு போனப்பக்கூட இப்படி அழுவல. வுடுங்க, அழுவட்டும்" என்றார். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். இவனால் குடிக்க முடியவில்லை.

பொங்கலுக்குப் பிறகு பாத்திகளில் சேறு எடுக்கும் வேலை தொடங்கியது. அம்சவல்லி பழைய இடத்துக்கே போய்விட்டார். ஆய்வுக்கூடத்தில் அவர் வேலையை யாருக்கும் கொடுக்கவில்லை, வந்தால் வரட்டும் என்று வைத்திருக்கிறார்கள். நான் மாதம் ஒருமுறை போன் செய்கிறேன். எடுத்தால் பேசுவார். மன்னிப்பு என்று தொடங்கினால், "அத வுடுங்க மேடம், அங்க குளுரு எப்படி?" என்று மாற்றிவிடுவார். அஸ்வினியின் பேரை அவரும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.

போன வாரம் பேசியபோது, வைக்கும் நேரத்தில் கேட்டார்.

"இருபத்தி ரெண்டு எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குங்க. உறையவெச்சு எடுத்து வெச்சாச்சு, ரெண்டு இடத்துல."

"சனி ஞாயிறு யாரு பாக்கறா?"

"கார்த்திகேசன்."

"அந்தத் தம்பி ஞாயித்துக்கெழமன்னா பத்து மணி வரைக்கும் தூங்கும். வேற ஆளு ஒண்ணு போட்டுக்கிங்க மேடம். பொம்பள ஆளாப் போடுங்க."

போடுகிறேன் என்றேன். நீங்களே வாங்களேன் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அங்கே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "இதோ வர்றேன்" என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார்.